சிதம்பரத்தில் சொடுக்கு எடுக்கப் போன நாள்

'கைரோபிராக்டர்' என்ற சொல்லை என் மச்சான் முதன்முதலில் சொன்னபோது ஏதோ மோட்டார் சைக்கிள் உதிரிபாகத்தின் பெயரைச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் இரு சக்கர வண்டிகள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அவன் பேச்சில் எப்போதும் எனக்குப் பெயர் தெரியாத சாமான்கள் நாலைந்து கிடக்கும்.

அது 2007 ஆவணி மாதம். திருவந்திபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் எதிரே இருக்கும் குன்றின் மேல் சாமி பார்க்கப் படியேறினார்கள். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். "அம்மாகிட்ட போ" என்றேன். கொஞ்ச நாளாகவே அவளுக்கு அந்தப் பதில்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. அவள் அடம்பிடிக்கவில்லை, திரும்பி அம்மாவிடம் போய்விட்டாள். நான் நாலு படி ஏறுவதற்குள் நடு முதுகில் வலி சுருக்கென்று பிடித்து நெஞ்சைச் சுற்றி வந்தது. அப்படியே படியோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

சாமி பார்த்துவிட்டு இறங்கி வந்த மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னா மாமா, இன்னும் அந்த முதுகு வலியா?"

"ஆமாம்பா."

"எத்தினி மாசமா இதையே சொல்றீங்க. எனக்குக் கழுத்து புடிச்சிக்கிட்டு திரும்ப முடியாம கெடந்தேன் இல்ல? ஒரே ஒரு தடவ போனேன். படக்குன்னு ஒரு சத்தம். எழுந்து வந்து வண்டி ஓட்டுறேன்."

அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னான். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, கையாலேயே முதுகெலும்பை நிமிர்த்திச் சொடுக்கு எடுப்பார்கள், வெளிநாட்டுப் படிப்பு என்றான்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றத்தில் தட்டச்சராக வேலை பார்த்தேன். சாட்சி சொல்வதை நீதிபதி சொல்லச் சொல்லத் தட்ட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். அதனால் என் முதுகு வலிக்கு எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: நாற்காலி. ஒருவர் தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர் மர நாற்காலிக்கு மாறச் சொன்னார். ஊரில் பார்த்த எலும்பு மருத்துவரும் என் வேலையைக் கேட்டதுமே தலையாட்டிவிட்டார். எக்ஸ்ரே எடுத்ததில் குறிப்பாக ஒன்றும் தெரியவில்லை. இடுப்புக்குப் பட்டையும் வலி மாத்திரையும் கொடுத்தார். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. உட்கார்ந்தே வேலை செய்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறென்ன வலிக்கும்?

வலி போகவில்லை. மாத்திரை தின்ற நாளில் கொஞ்சம் அடங்கும், மறுநாள் பழையபடி வரும். மாலையில் வீட்டுக்கு வந்தால் உடம்பு லேசாகச் சுடும். களைப்பு என்று சொல்லிப் படுத்துவிடுவேன். சாப்பாட்டில் நாட்டம் குறைந்தது. "மீன் குழம்பு வெச்சாகூட ரெண்டு வாய்க்கு மேல எறங்கல" என்று என் மனைவி தன் தம்பியிடம் புலம்பியிருக்கிறாள். அவள் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டாள். மச்சான் சிதம்பரத்துக்குக் கூப்பிட்டபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"எலும்ப முறிச்சி வெச்சிட்டா யாரு பாக்குறது?"

"அக்கா, என் கழுத்த பாரு" என்று தலையை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினான் மச்சான்.

அடுத்த சனிக்கிழமை விடுப்பு கிடைத்தது. மச்சான் கடலூருக்கே வந்து என்னை அழைத்துக்கொண்டு போனான். பேருந்தில் ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். குடிகாடு தாண்டும்வரை எப்படியோ உட்கார்ந்திருந்தேன். அங்கே இருக்கும் தொழிற்சாலைகளின் ரசாயன நெடி வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் அது நெடியால் என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகு சிதம்பரம்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் வந்தேன். நிற்பது உட்காருவதைவிடப் பரவாயில்லை என்று இருந்தது. காலியாகக் கிடந்த இடத்தில் நான் உட்காராததை நடத்துநர் விநோதமாகப் பார்த்தார்.

போகிற வழியெல்லாம் அங்கே என்ன நடக்கும் என்று மச்சான் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். குப்புறப் படுக்க வைப்பார்கள். மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். விடும்போது ஒரு அழுத்து. சத்தம் கேட்கும், பயப்படக் கூடாது, எலும்பு முறிகிற சத்தம் இல்லை, கைவிரலைச் சொடுக்குவது மாதிரிதான். "உடம்ப மட்டும் கல்லு மாதிரி வெச்சிக்காதீங்க மாமா, தளர விடணும்." நான் தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சத்தத்துக்காகவே போனேன். அந்த ஒரு சத்தத்தோடு எல்லாம் முடிந்துவிடும், ஊர் திரும்பி மகளைத் தூக்கிக்கொள்ளலாம் என்று நம்பினேன்.

மேல வீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் இருந்தது அந்த இடம். சொந்த வீட்டின் முன்னறையைத்தான் சிகிச்சை அறையாக வைத்திருந்தார்கள். வாசலில் ஆங்கிலத்தில் ஒரு பலகை. கதவைத் திறந்தவர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதுக்குள் இருக்கும். பருத்திச் சுடிதார், பின்னிக் கட்டிய தலைமுடி, நகம் ஒட்ட வெட்டிய விரல்கள்.

"வாங்க. பசியாறிட்டீங்களா?" என்றார்.

நான் விழித்தேன். "டிபன் சாப்ட்டீங்களான்னு கேக்குறாங்க மாமா. மேடம் மலேசியா" என்றான் மச்சான்.

டாக்டர் உள்ளே இருப்பார் என்று நினைத்து நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்மணி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்ன பிறகுதான் அவரேதான் டாக்டர் என்று புரிந்தது. மச்சானைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"ஏம்பா, லேடின்னு நீ சொல்லவே இல்லையே" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சொன்னா வந்திருக்க மாட்டீங்க மாமா."

அது உண்மை. வந்திருக்க மாட்டேன். அவருக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும். "ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லுங்க. மச்சான் கூடவே இருக்கட்டும். சட்டையைக் கழட்டணும்னாலும் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். "இன்னொண்ணு, நான் டாக்டர் இல்ல. மருந்து எழுதிக் குடுக்க மாட்டேன். என்னால முடிஞ்சது இந்தக் கை ரெண்டும்தான். இதால ஆகாததுன்னு தெரிஞ்சா அதையும் சொல்லிடுவேன்."

அவர் மலேசியாவில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் படித்தவர். கணவர் ஊர் சிதம்பரம். மாமனார் படுத்த படுக்கையானதால் குடும்பத்தோடு இங்கே வந்திருக்கிறார்கள். அவருடைய தமிழ் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுகிற தமிழ்.

அறையில் நீளமான மேசை ஒன்று இருந்தது. ஒரு முனையில் முகம் வைத்துக்கொள்ள ஓட்டை. மூலையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று கொக்கியில் தொங்கியது. நான் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அவர் என்னை அதில் படுக்கச் சொல்லவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

நீதிமன்றத்தில் என் காதில் விழுந்த கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. வக்கீல்கள் கேட்பதில் பெரும்பாலும் பதிலையும் உள்ளே வைத்தேதான் கேட்பார்கள். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வதுதான் சாட்சியின் வேலை. இவர் கேட்டது அப்படி இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"வலி எப்ப ஜாஸ்தி?"

"உக்காந்து டைப் அடிக்கறப்ப மேடம். நாள் முழுக்க நாற்காலிதான்."

"ஞாயித்துக்கெழமை?"

யோசித்தேன். "ஞாயித்துக்கெழமையும் இருக்குது."

"படுத்தா கொறையுதா?"

"இல்ல. சொல்லப்போனா படுத்தாத்தான் ஜாஸ்தி. பொரண்டு படுக்க முடியல."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தூக்கத்துல வேர்க்குதா?"

"தலகாணி நனைஞ்சிடுது. கரண்டு போயிடுது இல்ல மேடம், ஃபேன் ஓடாது."

"பக்கத்துல வீட்டுக்காரம்மா படுத்திருக்காங்களே, அவங்க தலகாணியும் நனையுதா?"

அவள் தலையணை நனைந்து நான் பார்த்ததில்லை.

"ஒடம்பு எளைச்சிருக்கா?"

"தெரியலைங்க. எடை பாக்கல."

"பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கீங்க" என்றார். குனிந்து பார்த்தேன். ஆமாம், மச்சான் கடை ஆணியால் நானே போட்ட ஓட்டை. சாயங்காலக் காய்ச்சல் பற்றிக் கேட்டார். இருமல் உண்டா என்றார். இல்லை. கால் மரத்துப்போகிறதா என்றார். அதுவும் இல்லை என்றேன். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாதக்கணக்கில் நான் பலரிடம் என் வலியைச் சொல்லியிருக்கிறேன். என் வேலையைக் கேட்டதும் எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. வேலையைத் தாண்டி யாரும் கேட்டதில்லை. நானே என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

பிறகு எழுந்து நிற்கச் சொன்னார். கையில் இருந்த சாவிக்கொத்தை என் காலடியில் போட்டு, "அதை எடுங்க" என்றார். நான் குனியவில்லை. தொடையில் ஒரு கையை ஊன்றி, முதுகை நேராக வைத்துக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுத்தேன். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. மச்சான்தான் கேட்டான்: "ஏன் மாமா அப்பிடி எடுக்குறீங்க?" எப்போதிலிருந்து அப்படி எடுக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

சட்டையைக் கழற்றச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து கீழே, ஒவ்வொரு எலும்பாக, மடக்கிய விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். கதவைத் தட்டுவதைவிட மெதுவாகத்தான் தட்டினார். நடு முதுகைத் தாண்டியதும் ஓரிடத்தில் தட்டியபோது "அம்மா" என்று கத்திவிட்டேன். அவர் கை உடனே விலகியது. அந்த இடத்தில் மறுபடி தட்டவில்லை. உள்ளங்கையை மட்டும் அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "இங்க ஒரு எலும்பு லேசா வெளிய தள்ளியிருக்கு. யாராச்சும் பாத்துச் சொன்னாங்களா?" என்றார். யாரும் பார்த்ததில்லை. எல்லா இடத்திலும் சட்டையோடுதானே காட்டினேன்.

நாற்காலியில் உட்கார வைத்து முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளி எழுந்தது. உள்ளங்காலில் சாவியின் முனையால் கோடு போட்டார். குதிகாலில் நடக்கச் சொன்னார். இடது பாதத்தைச் சரியாகத் தூக்க முடியவில்லை.

அவர் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"நான் இன்னைக்கு ஒங்களுக்கு ஒண்ணும் செய்யப்போறதில்ல" என்றார்.

மச்சான் எழுந்துவிட்டான். "என்ன மேடம், அவ்ளோ தூரத்துலேந்து வந்திருக்கோம். எனக்கு எடுத்தீங்களே, அது மாதிரி ஒரு சொடுக்கு எடுத்து வுட்டீங்கன்னா..."

"ஒங்க கழுத்து வேற தம்பி. தசை புடிச்சிருந்தது. இவருக்கு எலும்புக்குள்ளயே ஏதோ இருக்குன்னு நெனைக்கிறேன். நான் அழுத்தினா அது நொறுங்கிடலாம். நொறுங்கினா ரெண்டு காலும் வராம போயிடலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "என்னன்னு நான் சொல்லக் கூடாது. ஸ்கேன் எடுத்துத்தான் சொல்லணும். இன்னைக்கே போகணும். திங்கக்கெழமை பாக்கலாம்னு வீட்டுக்குப் போயிடாதீங்க."

அங்கேயே போனை எடுத்து, ஊரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் பேசினார். மறுமுனையில் அவர் தயங்கியிருக்க வேண்டும், இவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இல்லை, இன்றைக்கே" என்று திரும்பத் திரும்பச் சொன்னது எனக்குப் புரிந்தது.

வெளியே வந்தபோது எனக்கு நன்றி தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு சத்தத்துக்காக வந்தவனுக்குச் சத்தமும் கிடைக்கவில்லை, வலியும் போகவில்லை, மேற்கொண்டு பயத்தை வேறு ஏற்றிவிட்டார் என்று நினைத்தேன். மச்சானுக்கும் அதே எண்ணம்தான்.

"மாமா, எனக்குத் தெரிஞ்சு இன்னொருத்தர் இருக்காரு. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடறவரு. எண்ணெய் வுட்டு நல்லா மிதிச்சி வுடுவாரு. இங்கேந்து பக்கம்தான். பாத்துட்டுப் போயிடலாமா?"

"பாக்கலாம்" என்றேன். உண்மையில் அவரிடம் போகத்தான் நடந்துகொண்டிருந்தோம்.

மேல வீதியில் சனிக்கிழமைக் கூட்டம். கோபுர வாசல் பக்கம் பூக்கடைகளைத் தாண்டி வந்தோம். பின்னாலிருந்து ஒரு பூக்காரம்மா கூப்பிட்டாள். "அண்ணே, அண்ணே, செருப்பு."

திரும்பிப் பார்த்தேன். என் இடது கால் செருப்பு எவ்வளவோ தூரத்துக்குப் பின்னால் தெருவில் கிடந்தது. காலைப் பார்த்தேன். வெறும் கால். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன். செருப்பு கழன்றதும் தெரியவில்லை, ரோடு சுட்டதும் தெரியவில்லை.

மச்சான் ஓடிப்போய்ச் செருப்பை எடுத்து வந்தான். குனிந்து என் காலில் மாட்டிவிட்டான். நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"மாமா, சுடலியா?"

"தெரியலப்பா."

அவன் கையைக் காட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினான். "ஆஸ்பத்திரி. பள்ளத்துல வுடாம மெதுவா போங்க" என்று ஓட்டுநரிடம் சொன்னான். நான் மறுக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். அன்றே சேர்த்துக்கொண்டு, அசையாமல் படுக்கச் சொன்னார்கள். பிறகு முதுகில் ஊசி விட்டுச் சீழ் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று மருத்துவர் என் கட்டிலருகே நின்று ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடுத்தடுத்த இரண்டு எலும்புகள் அரித்துப்போயிருந்தன. நடுவில் சீழ் கட்டித் தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது.

"முதுகெலும்புல டிபி" என்றார். "நல்ல வேளை, யாரும் கை வெச்சி அழுத்தல. ஆபரேஷன் இல்லாம மருந்துலயே பாத்துடலாம்னு நெனைக்கிறேன். கால் பலம் கொறைஞ்சா மட்டும் ஆபரேஷன்."

டிபி நெஞ்சில் வரும், இருமலில் ரத்தம் வரும் என்றுதான் தெரியும். முதுகில் வரும் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். அவள் மருத்துவரிடம் கேட்டது, "கொழந்தைக்கு ஒட்டுமா?" என்பதுதான். அவர் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, நுரையீரலில் ஒன்றும் இல்லை, இது பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டாது என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆனாலும் நான் வீடு திரும்பியபோது என் தட்டும் டம்ளரும் தனியாக ஒரு அலமாரியில் இருந்தன. மகள் என் மாமியார் வீட்டில் விடப்பட்டிருந்தாள்.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் ஒரு தாய். கேட்டிருக்கிறாள், புரிந்துகொண்டிருக்கிறாள், இருந்தாலும் தட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். அக்கம்பக்கத்தில் 'டிஸ்க் பிரச்சினை' என்று சொல்லிவைத்தோம். நீதிமன்றத்திலும் அதையேதான் சொன்னேன். யாரும் மேலே கேட்கவில்லை. நாற்காலிதான் காரணம் என்று அவர்களுக்கு முன்பே தெரியுமே.

மார்பிலிருந்து இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு பல மாதம் படுத்துக் கிடந்தேன். மாத்திரை தின்றால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். குமட்டும். மின்விசிறியின் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டே பகல் முழுவதும் கிடப்பேன். ஒரு நாள் மாத்திரை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதற்காக இப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். என் மனைவி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"எனக்குப் பயமாத்தான் இருந்திச்சி" என்றாள். "அவள அனுப்பினது தப்புன்னு அன்னைக்கே தெரியும். இருந்தாலும் அனுப்பினேன். இன்னைக்கி சாயங்காலம் போய்க் கூட்டிக்கினு வந்துடறேன். நீங்க இத போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். சாயங்காலம் மகள் வந்தாள். கட்டிலில் ஏறக் கூடாது என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். அவள் கட்டிலருகே நின்று கவசத்தைத் தட்டிப் பார்த்தாள். "உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டாள். என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். வெகு நேரம் அவள் வெளியே வரவில்லை.

மச்சான் வாரம் தவறாமல் சிதம்பரத்திலிருந்து வந்தான். அவன்தான் என்னைக் குளிப்பாட்டினான். பெண்கள் கையால் குளிக்க எனக்குக் கூச்சம், அது அவனுக்குத் தெரியும். கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்ததை நினைத்து அவன் ரொம்பவும் உடைந்துபோயிருந்தான். "மிதிச்சிருந்தாங்கன்னா என்னா ஆயிருக்கும் மாமா" என்று ஒரு தடவை சோப்புக் கையோடு நின்றுவிட்டான். "போவலியேப்பா, வுடு" என்றேன்.

மெல்ல மெல்லக் காலில் உணர்வு திரும்பியது. ஒரு நாள் குளியலறைத் தரை சில்லென்று இருந்ததை இடது பாதம் சொன்னது. எறும்பு கடித்ததுகூடத் தெரிந்தது. காய்ச்சல் நின்றது. மீன் குழம்பு இறங்கியது. ஒரு வருடத்துக்கும் மேல் மருந்து தின்று முடித்த பிறகு கடைசி ஸ்கேனில் அந்த இரண்டு எலும்புகளும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. முதுகில் சின்ன மேடு மட்டும் தங்கிவிட்டது. சட்டைக்கு மேல் பார்த்தால் தெரியாது.

2009 தொடக்கத்தில் அந்த மலேசியா அம்மாவைப் பார்க்க நானும் மனைவியும் சிதம்பரம் போனோம். வாசலில் காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டார். என் மனைவி கொண்டுபோன பழத்தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அன்னைக்கு நீங்க போனதுக்கப்புறம் எனக்கு வேலையே ஓடல" என்றார். "முகத்துல கோவம் தெரிஞ்சது. வேற எங்கயாச்சும் போய்டுவீங்கன்னு பயந்துட்டேன். தம்பி நம்பருக்கு அடிச்சேன், எடுக்கல. ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணி, சேத்துட்டாங்கன்னு சொன்ன பிறகுதான் சோறு எறங்கிச்சி."

எனக்கு வெட்கமாக இருந்தது. "இப்பவாச்சும் ஒரு சொடுக்கு எடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒங்க முதுகுல எந்தக் காலத்துலயும் யாரையும் சொடுக்கு எடுக்க விடாதீங்க. நானே எடுக்கறேன்னாலும் விடாதீங்க" என்றார். படுக்கையிலிருந்து எப்படிப் புரண்டு எழ வேண்டும், வாளியை எப்படித் தூக்க வேண்டும் என்று மட்டும் காட்டிக் கொடுத்தார். என் மனைவி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். வெளியே வரும்போது, காத்திருந்தவர்களில் ஒருவர் என்னிடம், "மொத தடவ வந்திருக்கேன், உள்ள இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன். "நெறைய கேப்பாங்க. எல்லாத்தையும் சொல்லிடுங்க. சின்ன விஷயம்னு எதையும் வுட்டுடாதீங்க" என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. வலிக்குமா என்றுதான் தெரிந்துகொள்ள விரும்பினார்.

மறு வருடம் அந்த அம்மாவின் மாமனார் காலமானார். காரியமெல்லாம் முடிந்து சில மாதங்களில் குடும்பம் மலேசியாவுக்குத் திரும்பிவிட்டது. நான் போய் விடைபெறவில்லை. அவர்கள் போன பிறகுதான் மச்சான் சொன்னான்.

2011 கடைசியில் 'தானே' புயல் அடித்தது. கடலூரில் நிற்கிற மரம் எது என்று தேட வேண்டியிருந்தது. எங்கள் தெருவை ஒரு பெரிய வேப்பமரம் அடைத்துக்கொண்டு கிடந்தது. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. ஆண்கள் எல்லோரும் அரிவாளும் ரம்பமுமாகத் தெருவில் இறங்கியிருந்தார்கள். நானும் இறங்கினேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோடு கொஞ்சம் திறந்ததும் மச்சான் தண்ணீர்க் கேன்களோடு வண்டியில் வந்து சேர்ந்தான். இறங்கியதும் முதலில் என்னைத்தான் தேடினான்.

"மாமா, மலேசியா மேடம் போன் பண்ணாங்க. டிவியில பாத்தாங்களாம். எல்லாரையும் விசாரிச்சாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"அந்த டைப்பிஸ்ட் எப்பிடி இருக்காரு, மரம் கிரம் தூக்கப் போயிடப்போறாரு, போய்ச் சொல்லுங்கன்னாங்க."

என் கையில் வேப்பங்கிளை ஒன்று இருந்தது. பெரியது ஒன்றும் இல்லை. என் மனைவி வாசலிலிருந்து இறங்கி வந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள். ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கிளையைப் பிடித்தாள். நான் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக இழுத்தோம்.